சல்லடையில் தங்கிய கடல்

"மேடம், இது முன்ன என்னாவா இருந்துச்சி?"

லேப் ஜன்னலுக்கு வெளியிலிருந்து ஒரு கை உள்ளே நீண்டது. முழங்கை வரைக்கும் வெள்ளைப் பொடி. உள்ளங்கையில் ஒரு கல். புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரியது, மேலே விசிறி மாதிரி கோடுகள்.

நான் கல்லை வாங்கி ஒரு சொட்டு ஆசிட் விட்டேன். புஸ்ஸென்று நுரைத்தது.

"சுண்ணாம்புக்கல்தானுங்க அக்கா. கால்சியம் கார்பனேட்."

"அது இப்ப. முன்ன?"

வேதியியலில் பட்டம் வாங்கியவள் நான். கல்லைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, "பாத்துச் சொல்லுங்க, அவசரமில்ல" என்று போய்விட்டார்.

நாமக்கல்லுக்கு வெளியே ஒரு கோழித்தீவன மில். மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, கருவாட்டுத்தூள் எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து, தீவனமாகிப் பண்ணைகளுக்குப் போகும். முட்டையிடும் கோழிக்குச் சுண்ணாம்புக்கல் குருணையும் வேண்டும். அது இல்லையென்றால் ஓடு கட்டாது, தோல்முட்டையாக விழும். அதனால் எங்கள் மில்லில் சின்னதாக ஒரு அரவை மெஷினும் அதன் பின்னால் ஒரு சல்லடைக் கொட்டகையும் இருந்தன. கல் லாரியில் வரும், உடைபடும், சல்லடையில் ஆடும். கீழே விழும் குருணை கோழிக்கு. மேலே தங்கும் பெரிய துண்டுகளைக் கூடையில் அள்ளித் திரும்ப அரவைக்குத் தள்ள வேண்டும். அந்த வேலைதான் அக்காவுக்கு. தலையில் துண்டு, மூக்கைச் சுற்றி இன்னொரு துண்டு. வெளியே தெரிவது கண்கள் மட்டும். புருவம், இமை எல்லாம் வெள்ளையாக இருக்கும். சாயங்காலம் குழாயடியில் முகம் கழுவிய பிறகுதான் அவர் மாநிறம் என்பது தெரியும்.

சேலம் ஜில்லாவின் கிழக்கே கெங்கவல்லியிலிருந்து வந்தவர். எல்லோருக்கும் கெங்கவல்லி அக்கா. எங்கள் பக்கத்து ஆட்கள் அவர் பேச்சைக் கிண்டல் செய்வார்கள். "ஏனுங்க, இருந்துச்சி வந்துச்சின்னு இதென்ன பேச்சுங்க?" என்றால், "ஊட்டுக்குப் போறேன்னு சொல்ற ஆளுங்க என்னைச் சொல்ல வந்துட்டீங்களா" என்பார்.

அவருடைய கேள்வி கல்லோடு நிற்கவில்லை. எதைப் பார்த்தாலும் அதுதான். காய்ச்சல் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, முன்ன இது என்னாவா இருந்துச்சி? சாக்கு? சிமெண்ட்? லேப்பில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டி ஒரு நாள் கேட்டார். "பூமிக்கடியில இருந்து எடுக்கற எண்ணெயில இருந்து பண்றதுங்க அக்கா" என்றேன். எழுந்து, நாற்காலியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அதன் நுனியில் மட்டும் உட்கார்ந்தார்.

மூட்டை தூக்கும் ஆள் ஒருவர் டீ நேரத்தில் சீண்டினார்.

"ஏனக்கா, இந்தப் போண்டா முன்ன என்னவா இருந்துச்சுன்னு கேக்கலீங்களா?"

"நேத்து பஜ்ஜியா இருந்துச்சி. தெரியுமே, அதான் கேக்கல."

டீக்கடைக்காரரைத் தவிர எல்லோரும் சிரித்தோம்.

ஆட்களையும் கேட்பார். அதுதான் சங்கடம். புதிதாக ஒரு மேனேஜர் வந்தார். யாரிடமும் முகம் கொடுத்துப் பேசமாட்டார், கொட்டகைக்குள் வந்தால் சத்தம்தான். வந்த நாலாவது நாள், கூடையை இறக்கி வைத்துவிட்டு அக்கா நேராகக் கேட்டார்:

"சார், நீங்க இதுக்கு முன்ன என்னாவா இருந்தீங்க?"

சல்லடை ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் எல்லோரும் நின்றுவிட்டோம். அவர் முறைத்தார். அக்கா காத்துக்கொண்டு நின்றார். அந்தக் கேள்வியில் நக்கல் ஒரு பொட்டும் இல்லை, அதுதான் விசேஷம். அது மேனேஜருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"லாரிப் பட்டறையில பெயிண்டரா இருந்தேன்" என்றார். "பின்னாடி பலகையில எழுத்து எழுதுவேன்."

"என்னா எழுதுவீங்க?"

மூட்டைமேல் உட்கார்ந்து அரை மணி நேரம் சொன்னார். எந்த எழுத்துக்கு எந்தத் தூரிகை, வெயிலில் எந்தச் சிவப்பு வெளுக்கும், எந்தச் சிவப்பு நிற்கும் என்று. அதன் பிறகும் அவர் சத்தம் போடத்தான் செய்தார். ஆனால் கொட்டகை வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் எங்களுக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தச் சிவப்புதான்.

எப்போதும் இப்படி நல்லபடியாக முடிந்ததில்லை. சாக்குத் தைக்கும் பகுதிக்கு ஒரு பெண் வந்தாள். வெயில் காலத்திலும் மணிக்கட்டு வரைக்கும் கை வைத்த ரவிக்கை. மத்தியானச் சாப்பாட்டில் அக்கா அவளைக் கேட்டார். அந்தப் பெண் சோற்றுக் கையோடு எழுந்து போனாள். இரண்டு நாள் வரவில்லை. மற்ற பெண்கள் அக்காவைப் பிடித்துக்கொண்டார்கள்.

"உங்களுக்கு எதுக்குங்க ஊர்க்கதை? வந்தமா, செஞ்சமா, போனமான்னு இருக்க மாட்டீங்களா?"

"தெரியாம எப்பிடி பக்கத்துல நிக்கறது?" என்றார் அக்கா.

மூன்றாம் நாள் அந்தப் பெண் வந்தாள். அக்கா இருந்த பக்கம் திரும்பவே இல்லை, கடைசி வரைக்கும். அக்காவும் தான் கேட்டது தப்பு என்று சொல்லவில்லை.

ஆச்சரியம், என்னை மட்டும் அவர் கேட்டதில்லை. ஒரு நாள் நானே கேட்டேன். "என்னையக் கேக்கவே இல்லீங்களே அக்கா?"

"உங்களைக் கேட்டா பயந்துக்குவீங்க மேடம்" என்றார்.

உண்மைதான். என் வீட்டுக்காரர் போர் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போனால் எட்டு மாதம், ஒன்பது மாதம். நானும் மகளும்தான். அப்போது அவளுக்கு ஏழு வயது. பள்ளி வேன் நாலேகாலுக்கு மில் வாசலில் இறக்கிவிடும். ஐந்து மணிக்குச் சங்கு ஊதினால் முற்றத்தில் நிற்கும் லாரிகள் ஒன்றாகக் கிளம்பும், ஷிப்ட் முடிந்த ஆட்கள் பைக்கை முடுக்குவார்கள். அதனால் மகளுக்குச் சொல்லி வைத்திருந்தேன்: "சங்கு ஊதும்போது எங்க இருக்கியோ அங்கயே உக்காந்துக்கோணும் சாமி. ஒரு அடி நகரக் கூடாது. யாரு கூப்பிட்டாலும் போகக் கூடாது. அம்மா வந்து கூட்டிக்குவேன்." சொன்னது மட்டுமில்லை, பழக்கினேன். மழையில் ஒரு நாள் தகரத் தாழ்வாரத்தின் ஒழுக்கலுக்கு நேர்கீழே சங்கு ஊதியது. நான் வரும்வரை அங்கேயே நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. லேப்பில் எல்லோரிடமும் சொன்னேன்.

ஜன்னல் விளிம்பில் கற்கள் சேர்ந்துகொண்டே வந்தன. கை முறுக்கின் உடைந்த துண்டு மாதிரி சுருண்ட ஒன்று. தேன்கூட்டை நறுக்கி வைத்தது போல அறை அறையாக ஒன்று. சல்லடைமேல் உருவம் தெரிந்த எதையும் அக்காவால் திரும்ப அரவைக்குத் தள்ள முடியவில்லை. கடைசியில் நான் ரோஷப்பட்டு நூலகத்தில் போய்த் தேடினேன்; என்னோடு படித்து இப்போது கல்லூரியில் நிலவியல் பாடம் எடுக்கும் தோழியிடம் போனில் கேட்டேன். கேட்டதை அக்காவிடம் சொன்னேன்.

"கடலுங்க அக்கா."

"எது?"

"இந்தக் கல்லு வர்ற அரியலூர்ப் பக்கம். மனுசன் பொறக்கறதுக்கு ரொம்ப ரொம்ப முன்னால அந்த எடம் வரைக்கும் கடலு. இது சிப்பி. இது நத்தை மாதிரி ஒண்ணு. இந்தத் தேன்கூடு பவளம். குண்டூசித் தலையாட்டம் பூச்சிங்க. தண்ணியில இருக்கற சுண்ணாம்ப எடுத்துத் தன்னைச் சுத்தி ஊடு கட்டிக்கும். அது செத்தா அதுக்கு மேல இன்னொண்ணு கட்டும். அப்படியே கட்டிக் கட்டி ஒரு மேடாவே ஆயிருச்சுங்க. அப்புறம் கடலு போயிருச்சு, மேடு நின்னுருச்சு."

அக்கா கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். முகத்துத் துண்டை அவிழ்த்தார்.

"அப்ப கோழியும் அதையேதான செய்யுது" என்றார். "இந்த ஊட்ட இடிச்சித் தின்னுட்டு முட்டைக்கு ஊடு கட்டுது."

முதல்முறையாக அவர் வாயில் 'ஊடு' வந்ததை நான் சொல்லிச் சிரித்தேன். அவர் கவனிக்கவே இல்லை. அன்று மத்தியானம் சாப்பாட்டில் இருந்த அவித்த முட்டையை உரித்து, ஓட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "நான் கடலே பாத்ததில்ல. நாப்பத்தஞ்சி வருசமா தின்னுக்கிட்டு இருந்திருக்கேன்."

எங்களுக்குச் சங்ககிரிப் பக்கத்திலிருந்தும் கல் வரும். அதில் எவ்வளவு சலித்தாலும் ஓர் உருவம் கிடைக்காது. சீனிக்கட்டி மாதிரி மினுங்கும், அவ்வளவுதான். "ரெண்டும் சுண்ணாம்பு. இதுல மட்டும் ஏன் ஒண்ணும் காணம்?" என்று கேட்டார். "அது இதைவிட ரொம்பப் பழசுங்க. பூமிக்குள்ள போயி வெந்து வெந்து, முன்ன என்னவா இருந்துச்சுங்கற அடையாளமே இல்லாமப் போச்சு" என்றேன். "பாவம்" என்றார் அக்கா, மனிதரைச் சொல்வது போல.

அதற்கப்புறம் அவருக்கு ஒரே ஆசை, அந்த மேட்டை நேரில் பார்க்க வேண்டும். கல் கொண்டுவரும் லாரி டிரைவரிடம் வாரத்துக்கு ஒரு முறை கேட்பார். "அது என்னக்கா, கோயிலா கொளமா? குழிதான இருக்குது" என்று அவர் தட்டிக் கழிப்பார். காலாண்டு விடுமுறையில் மில் மெஷின் வேலைக்காக இரண்டு நாள் மூடியபோது அவரே வந்தார். "லோடு எடுக்கக் காலிவண்டி போவுது. அக்காவ நெறுத்த முடியாது. அம்மிணி, நீங்களும் பாப்பாவும் வாரீங்களா? கேபின்ல எடமிருக்குது."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். மகள் குதித்தாள். அக்கா என்னைப் பார்த்தார். எனக்கும், நிஜமாகச் சொன்னால், பார்க்க வேண்டும் போலிருந்தது. தண்ணீர், குளுக்கோஸ், காயத்துக்கு மருந்து, மாற்றுத்துணி, ஒரு வாரப் பயணத்துக்குப் போல மூட்டை கட்டினேன்.

துறையூர், பெரம்பலூர் தாண்டிப் போனோம். கொல்லிமலையைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அது மலையே இல்லை. சோளக்காடுகளுக்கு நடுவே எருமை முதுகு போல நீளமாக ஒரு மேடு. அதைக் குடைந்து குடைந்து கீழே போயிருந்தார்கள். வேலை நடக்கும் குழிக்குப் பக்கத்திலேயே வெட்டி முடித்த பழைய குழி. எடைமேடைக்காரர் டிரைவருக்குத் தெரிந்தவர். "வெடி வெக்கறதுக்கு முன்னாடி குழிய விட்டு மேல வந்துரணும்" என்று சொல்லிப் பழைய குழிக்குப் போகும் வண்டிப்பாதையைக் காட்டினார்.

சுவர். நாலு ஆள் உயரத்துக்கு வெட்டி நிறுத்திய சுவர். வெயில் பக்கவாட்டில் விழுந்ததால் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. சிப்பிமேல் சிப்பி, தட்டளவுக்கு ஒரு சுருள், குடை விரித்த மாதிரி தேன்கூடுகள் ஒன்றின்மேல் ஒன்று. நாங்கள் கடலின் அடியில் நின்றுகொண்டிருந்தோம். தலைக்குமேல் எங்கோ அதன் தண்ணீர்மட்டம் இருந்திருக்க வேண்டும். நான் அண்ணாந்து பார்த்தேன். பருந்து ஒன்று பறந்துகொண்டிருந்தது.

அக்கா விரலை எச்சில்படுத்திச் சுவரில் தேய்த்து நாக்கில் வைத்தார். "உப்பு இல்ல" என்றார், ஏமாற்றமாக.

மகளை அவரிடம் விட்டுவிட்டுச் சாப்பாட்டுத் தூக்கை எடுக்க நான் குழியிலிருந்து ஏறி மேலே நின்ற லாரிக்கு வந்தேன். "பாத்துக்குங்கக்கா" என்று இரண்டு முறை சொன்னேன். லாரிக் கதவைத் திறக்கும்போது சங்கு ஊதியது.

மில் சங்கு மாதிரியே நீளமாக, அடித்தொண்டையிலிருந்து வருவது போல. அங்கே அதற்கு அர்த்தம் வேறு. வெடி வைக்கப் போகிறார்கள், இரண்டு குழியிலும் யாரும் இருக்கக் கூடாது. கீழேயிருந்து ஆட்கள் மேலே வர ஆரம்பித்தார்கள். கொடி பிடித்த ஒருவர் எல்லோரையும் தள்ளிக்கொண்டு வந்தார். அக்காவும் வந்தார், கூட்டத்துக்குள் எட்டி எட்டிப் பார்த்தபடி. தனியாக.

"பாப்பா எங்க?"

"உங்ககிட்ட வரலியா?" என்றார். "சுவத்தப் பாத்துக்கிட்டே நின்னுட்டேன். திரும்புனா காணம். சங்கு ஊதுச்சி, எல்லாரோடயும் மேல ஓடியாந்திருக்கும்னு..."

எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். சங்கு கேட்டால் யாராயிருந்தாலும் மேலேதான் ஓடுவார்கள், குழந்தையானால் இன்னும் வேகமாக. எடைமேடைக்குப் பின்னால் பார்த்தார்கள், லாரிகளுக்கு அடியில் பார்த்தார்கள். நான் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். பக்கத்து அரவை மெஷினின் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. பதில் வந்திருந்தாலும் கேட்டிருக்காது.

அக்கா என் இரண்டு தோளையும் பிடித்துத் திருப்பினார்.

"சங்கு ஊதுனா அது என்னா பண்ணும்?"

எனக்குப் புரியவில்லை. அழுதுகொண்டிருந்தேன்.

"இந்த ஊருச் சங்க விடு. இதுக்கு முன்ன அது கேட்ட சங்கு எது? மில்லுல ஊதுனா என்னா பண்ணும்? சொல்லுடி!"

அவர் என்னை 'டி' போட்டது அந்த ஒரே முறைதான்.

"உக்காந்துக்கும்" என்றேன். "எங்க இருக்குதோ அங்கயே... நான் வர்ற வரைக்கும்..."

நான் சொல்லி முடிக்கவில்லை. அக்கா கொடிக்காரரின் கையைத் தட்டிவிட்டுப் பாதையில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தார். அவர் பின்னால் ஓடிய என்னை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். டிரைவர் வெடி வைக்கும் ஆட்களை நோக்கிக் கத்திக்கொண்டு ஓடினார். இரண்டாவது சங்கு ஊதியது. பாதியில் நின்றது. யாரோ கை காட்டி நிறுத்தியிருந்தார்கள். அப்புறம் அந்த இடம் முழுக்க அரவை மெஷின் சத்தம் மட்டும்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பாதையின் வளைவில் அக்காவின் தலை தெரிந்தது. இடுப்பில் என் மகள். வெயிலில் முகம் சிவந்திருந்ததே தவிர ஒரு கீறல் இல்லை. என்னைப் பார்த்ததும் குற்றம் சாட்டும் குரலில் சொன்னாள்:

"அம்மா, சங்கு ஊதிருச்சு, நீ வரவே இல்ல."

நான் அவளைப் பிடுங்கி அணைத்துக்கொண்டு, அக்காவைப் பார்த்து, எல்லோர் முன்னாலும் கத்தினேன். உங்களை நம்பி விட்டேன் பாருங்க, கல்லைப் பாத்தா உங்களுக்குக் கண்ணு தெரியாதா, உங்களுக்கென்ன, எம்புள்ள போனா திரும்பி வருமா. இன்னும் என்னென்னவோ. அக்காவுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. திரும்பி வரும் வழி முழுக்கக் கேபினில் மகள் என் மடியில் தூங்கினாள்.

அந்த வாரக் கடைசியில் நான் மேனேஜரிடம் போனேன். "கெங்கவல்லி அக்காவுக்குத் தூசி ஒத்துக்கலைங்க, இருமிக்கிட்டே இருக்காங்க. சாக்குத் தைக்கற பக்கம் மாத்தி விடுங்க" என்றேன். நல்லது செய்கிறவள் முகத்தோடு சொன்னேன். அவர் மாற்றிவிட்டார். சாக்குத் தைக்கும் இடம் முற்றத்தின் மறுகோடி. அங்கே கல் கிடையாது. என் ஜன்னலும் கிடையாது. முழுக்கை ரவிக்கை போட்ட அந்தப் பெண்ணுக்கு எதிர்ப்பக்கம் அவருக்கு இடம் கொடுத்தார்கள்.

அவர் கவனக்குறைவாக இருந்தார், அது நிஜம். ஆனால் நான் அவரை மாற்றச் சொன்னது அதற்காக இல்லை. என் குழந்தையை அந்தக் குழிக்குள் உட்காரவைத்தது நான் சொல்லிக்கொடுத்த பாடம். அது எனக்குத் தோன்றவில்லை. அவருக்கு ஒரு நொடியில் தோன்றியது. தினமும் காலையில் ஜன்னலில் அந்தக் கண்களைப் பார்க்க என்னால் முடியவில்லை.

மாற்றியது யார் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். எல்லாவற்றையும் கேட்கிறவர், அதை மட்டும் வந்து கேட்கவில்லை. மூன்று மாதத்தில் வேலையிலிருந்து நின்றுவிட்டார். அவருக்குப் பதிலாகச் சல்லடைக்கு வந்த பெண் ஜன்னல் விளிம்பைச் சுத்தம் செய்து, இருந்த கற்களையெல்லாம் கூடையில் வாரி அரவையில் போட்டாள். நான் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினொரு வருஷம் ஆயிற்று. நான் இப்போது வேறு வேலையில் இருக்கிறேன். எங்காவது சங்கு ஊதினால் இன்றைக்கும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவேன். மகள் பன்னிரண்டாவது எழுதி முடித்திருக்கிறாள். அவளைப் பஸ்ஸில் தனியாக எங்கும் அனுப்பியதில்லை. பள்ளி விடுதியிலிருந்து வரும்போதுகூட நான் போய்த்தான் கூட்டி வந்தேன். அந்தக் குழியைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. அவளுக்கு மறந்திருக்கும் என்று நினைத்திருந்தேன்.

முந்தாநாள் சாப்பிடும்போது தானாகச் சொன்னாள்.

"அந்தச் சுவரு பூரா சிப்பிம்மா. பக்கத்துல ஒட்டி உக்காந்திருந்தேன். எண்ணிக்கிட்டே இருந்தேன்."

"பயமா இல்லியா சாமி?"

"எதுக்குப் பயம்? நீ வருவீன்னு தெரியும். அப்புறம் அந்த அத்தை ஓடி வந்துச்சு. தூக்கிக்கிட்டு ஓடும்போதே, மூச்சு வாங்க வாங்க, 'என்னா பாத்த, என்னா பாத்த, சொல்லு'ன்னு கேட்டுக்கிட்டே வந்துச்சு. நான் ஒவ்வொண்ணா சொல்லிக்கிட்டே வந்தேன். மேல வந்தா நீதான் அழுதுட்டிருந்த." பிறகு கேட்டாள். "அவங்க ஏம்மா போயிட்டாங்க? சொந்த ஊருக்குப் போயிட்டாங்கன்னு சொன்னீல்ல?"

அப்போதுதான் முதல்முறையாகச் சொன்னேன். மேனேஜரிடம் போனதை, இருமல் என்று சொன்ன பொய்யை, எல்லாவற்றையும்.

அவள் தட்டைக் கழுவி வைத்தாள். நேற்றுச் சாயங்காலம் வந்து, "நாளைக்கு நான் கெங்கவல்லி போறேன். தேடிப் பாத்துட்டு வாரேன்" என்றாள்.

"நானும் வாரேன்."

"நீ வேண்டாம்."

காலையில் பஸ் ஏற்றிவிட்டேன். ராசிபுரம், தம்மம்பட்டி வழியாகப் போக வேண்டும். பதினொன்று நாற்பதுக்குக் கூப்பிட்டாள்.

"எறங்கிட்டேம்மா. இங்க யாரைக் கேக்கறது? அவங்க பேரென்ன?"

பெயர் வரவில்லை.

"கெங்கவல்லி அக்கான்னுதாஞ் சாமி கூப்புடுவோம்."

"அம்மா, நான் கெங்கவல்லியிலதான் நிக்கறேன். இங்க எல்லாருமே கெங்கவல்லி அக்காதான்."

மில்லை மூடிவிட்டார்கள். வருகைப் பதிவேடு எங்கே போயிற்றோ. வீட்டுக்காரர் பெயர் கேட்டாள், தெரியாது. பிள்ளைகள் உண்டா என்று கேட்டாள், தெரியாது. எந்தத் தெரு, தெரியாது. "அடையாளமாச்சும் சொல்லும்மா" என்றாள். குட்டையாக இருப்பார் என்றேன். வெற்றிலை போடமாட்டார், நடக்கும்போது இடது கையை மட்டும் வீசுவார், வெயிலைப் பார்த்தால் மூன்று தும்மல் வரும் என்றேன். பஸ் ஸ்டாண்டின் இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் குறித்துக்கொள்கிறாளா, கோபமாக நிற்கிறாளா என்று தெரியவில்லை.

"சரி" என்றாள். "நாமக்கல் பக்கம் மில் வேலைக்குப் போயிட்டு வந்தவங்கன்னு கேட்டுப் பாக்கறேன். நீ போன் பண்ணாத. நானே பண்றேன்."

இப்போது மணி மூன்றரை. போன் எனக்கு எதிரே மேசைமேல் இருக்கிறது. எந்தத் தெருவில், யார் வாசலில் நின்று, என்ன சொல்லி விசாரித்துக்கொண்டிருக்கிறாளோ. நான் இன்னும் கூப்பிடவில்லை.